பெரிய பிராண்டே எல்லாவற்றிலும் முந்துகிறதா? சாக்லேட் சர்வேயைப் படமாக்குவது பற்றி

கேள்வி:

கோவையில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் கிராபிக் டிசைனராக வேலை பார்க்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் சொந்தமாகச் சாக்லேட் தயாரிக்கும் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். பிப்ரவரி மாதம் கோவையில் கல்லூரி வாசல்களிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் 200 பேரிடம் சர்வே எடுத்திருக்கிறார். கேட்பரி, கிட்கேட், அமுல், ஃபெரேரோ ரோஷர், லிண்ட், அப்புறம் அவருடைய பிராண்டு என்று ஆறு பெயர்கள். சுவை, தரம், விலை, பரிசு கொடுக்க ஏற்றது, குழந்தைகளுக்குப் பிடித்தது, நம்ம ஊர்த் தயாரிப்பு என்பது போல எட்டு குணங்கள். எந்தப் பெயருக்கு எது பொருந்துகிறதோ அதற்கு டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் "இந்தப் பெயரைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது?" என்று ஒரு கேள்வியும் உண்டு. விநியோகஸ்தர் கூட்டத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்து ஒரே பக்க இன்ஃபோகிராபிக்காகச் செய்து தர வேண்டும். ரேடார் சார்ட் போட்டுப் பார்த்தேன். பெரிய பிராண்டு எல்லாப் பக்கமும் பரந்து கிடக்கிறது, எங்கள் வாடிக்கையாளர் நடுவில் ஒரு புள்ளியாக இருக்கிறார். 200 பேரில் 34 பேருக்குத்தான் அவர் பெயரே தெரியும். "நம்ம பிராண்டு நல்லாத் தெரியற மாதிரி பண்ணுங்க" என்கிறார். எந்த வகைப் படம் போடுவது? கடைசிக் கேள்விக்கு, அதிகம் வந்த சொல்லைப் பெரிதாகக் காட்டும் வேர்ட் கிளவுட் போடலாமா? மற்ற கம்பெனிகளின் லோகோ, நிறம் எல்லாம் பயன்படுத்தலாமா?

— ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ரேடார் சார்ட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். மாற்றத்தான் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் பார் சார்ட் போட்டாலும் இதே கதைதான் வரும். ஏனென்றால் சிக்கல் படத்தில் இல்லை, படத்துக்கு முந்தைய கணக்கில் இருக்கிறது. உங்கள் எக்செல் அட்டவணையில் இப்போது இருப்பது மக்கள் ஒவ்வொரு பிராண்டையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதல்ல. ஒவ்வொரு பிராண்டையும் எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதுதான் எட்டு வேடத்தில் எட்டு முறை வந்திருக்கிறது.

இது சந்தை ஆய்வில் மிகப் பழைய விஷயம். ஆண்ட்ரூ ஏரன்பெர்க் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970 வாக்கிலேயே இதை எழுதிவிட்டார்கள். ஒரு பொருளை வாங்குகிறவர்கள் அதைப் பற்றி நல்ல வார்த்தைகளை அதிகம் டிக் அடிப்பார்கள், வாங்காதவர்கள் குறைவாக அடிப்பார்கள். வாங்குகிறவர்கள் அதிகம் உள்ள பிராண்டுக்கு எல்லாக் குணத்திலும் எண்ணிக்கை ஏறும். சுவையில் முதலிடம், தரத்தில் முதலிடம், பரிசில் முதலிடம். அதை வைத்து "மக்கள் இதைத்தான் தரமானது என்று நினைக்கிறார்கள்" என்று தலைப்புப் போட்டால் தப்பு. கேட்பரி இந்தியாவுக்கு வந்தது 1948-ல். முக்கால் நூற்றாண்டாகக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் இருக்கும் பெயரோடு ஒரு புதுப் பெயரை எண்ணிக்கையில் மோதவிட்டால் வேறென்ன வரும்?

ஆகவே முதல் வேலை, பிராண்டின் அளவைக் கழித்துவிடுவது. பெரிய புள்ளியியல் மென்பொருள் எதுவும் வேண்டாம், எக்செலே போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் "அளவை மட்டும் பார்த்தால் எத்தனை டிக் வந்திருக்க வேண்டும்" என்று கணக்கிடுங்கள். அந்தப் பிராண்டுக்கு விழுந்த மொத்த டிக்கை அந்தக் குணத்துக்கு விழுந்த மொத்த டிக்கால் பெருக்கி, அட்டவணை முழுவதன் மொத்தத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு உண்மையில் வந்த எண்ணிலிருந்து இதைக் கழியுங்கள்.

ஒரு கற்பனை அட்டவணையில் செய்து காட்டுகிறேன். அ, ஆ, இ என்று மூன்று பிராண்டுகள். எல்லாக் குணங்களையும் சேர்த்து அ-வுக்கு 600 டிக், ஆ-வுக்கு 200, இ-க்கு 200, மொத்தம் 1000. இதில் "பரிசு கொடுக்க ஏற்றது" என்ற குணத்துக்கு மட்டும் 200 டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுப்படி பார்த்தால் அ-வுக்கு 120, மற்ற இரண்டுக்கும் தலா 40 வர வேண்டும். உண்மையில் வந்தது அ-வுக்கு 110, ஆ-வுக்கு 65, இ-க்கு 25. நேரடியாக பார் சார்ட் போட்டால் அ-தான் பரிசு சாக்லேட், உயரமாக நிற்கும். கழித்துப் பார்த்தால் அ மைனஸ் 10, ஆ பிளஸ் 25, இ மைனஸ் 15. பரிசு என்றதும் மக்கள் மனதில் தன் அளவுக்கு மீறி வந்து நிற்கும் பெயர் ஆ. கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் இந்த பிளஸ் 25-தான் செய்தி. 110 அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், தினமும் விற்கிறார்களே.

இதில் ஓர் எச்சரிக்கை. கழித்த எண்ணை மட்டும் படத்தில் போட்டால், அ-வைப் பரிசுக்கு யாரும் வாங்குவதில்லை என்று ஒருவர் படித்துவிடுவார். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் உண்மையான எண்ணிக்கையைச் சின்ன எழுத்தில் போடுங்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வரி: "பிராண்டின் அளவைக் கருதி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு." இந்த வரியை டிசைன் அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். வெட்டச் சொல்வார்கள்.

அடுத்தது அந்த 34 பேர். பெயரே தெரியாத 166 பேரையும் அடிப்படையில் சேர்த்துக்கொண்டு உங்கள் வாடிக்கையாளரின் சதவீதத்தைக் கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், படம் அப்படித்தான் சொல்கிறது. பேச்சுக்கு அந்த 34 பேரில் 20 பேர் பரிசுக்கு ஏற்றது என்று டிக் அடித்திருந்தால், 200-க்கு அது 10 சதவீதம். தெரிந்தவர்களுக்குள் மட்டும் பார்த்தால் 59 சதவீதம். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். முதலாவது பெயர் பரவியிருக்கிறதா என்பதற்கு, இரண்டாவது தெரிந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. மனப்பதிவு பற்றிய படம் என்றால் இரண்டாவதுதான் வேண்டும். ஆறு பிராண்டுக்கும் அதே விதிப்படி, அந்தந்தப் பெயர் தெரிந்தவர்களை மட்டும் அடிப்படையாக வையுங்கள். உங்கள் ஆளுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி கூடாது.

அதற்காக 59 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள். 200 பேர் என்றாலே, சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி என்று வைத்துக்கொண்டால்கூட, சதவீதம் 7 புள்ளி அப்படியும் இப்படியும் ஆடும். 34 பேர் என்றால் 17 புள்ளி ஆடும். அதாவது உண்மை 42 ஆகவும் இருக்கலாம், 76 ஆகவும் இருக்கலாம். உங்கள் சர்வே குலுக்கி எடுத்ததும் இல்லை, கல்லூரி வாசலில் நின்றவர்களிடம் எடுத்தது. இந்தச் சின்ன எண்ணிக்கைக்குச் சதவீதமே வேண்டாம். "தெரிந்த 34 பேரில் 20 பேர்" என்று எழுதுங்கள். 34 சின்ன வட்டம் வரைந்து 20-ஐ நிரப்பிக் காட்டினால் இன்னும் நல்லது. பார்க்கிறவருக்கு எண்ணிக்கை எவ்வளவு சிறியது என்பதும் சேர்ந்தே புரியும். வாடிக்கையாளருக்கு அது பிடிக்காமல் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்த 34 பேரில் பலர் அவருடைய சாக்லேட்டை ஏற்கெனவே வாங்குகிறவர்களாக இருக்கலாம். ஒரு சிறிய ஊர் பிராண்டின் பெயர் வாங்கிப் பார்த்தவர்களுக்கே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். லிண்ட் பெயர் தெரிந்தவர்களிலோ வாங்காமல் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து மட்டும் வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கலாம். "கடந்த மூன்று மாதத்தில் வாங்கினீர்களா?" என்ற கேள்வி படிவத்தில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், வாங்கியவர்களை வாங்கியவர்களோடு ஒப்பிடுங்கள். அதுதான் நியாயமான பந்தயம்.

இப்போது படத்துக்கு வருவோம்.

ரேடார் சார்ட்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது, சிலந்தி வலை மாதிரி, கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அதுதான் அதன் ஆபத்து. ரேடாரில் கண் பார்ப்பது பரப்பளவை. பரப்பளவோ நீங்கள் குணங்களை எந்த வரிசையில் சுற்றி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். எட்டு குணத்தில் நான்குக்கு 10 மதிப்பெண், நான்குக்கு 2 என்று வையுங்கள். பத்தையும் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தால் ஒல்லியான நட்சத்திரம் வரும். நான்கு பத்தையும் அடுத்தடுத்து வைத்தால் தொப்பை வைத்த உருவம் வரும், பரப்பளவு முன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. வரிசையை மாற்றியே ஒருவரை ஜெயிக்கவைக்கலாம் என்றால் அந்தப் படத்தை நம்பி என்ன பேசுவது?

சாக்லேட் கட்டியையே பார் மாதிரி வரைவதும் இதே வகை. 40 சதவீதத்துக்கு ஒரு கட்டி, 20 சதவீதத்துக்கு அதில் பாதி உயரக் கட்டி என்று டிசைனர் நினைத்து, மென்பொருளில் மூலையைப் பிடித்து இழுப்பார். அகலமும் சேர்ந்து சுருங்கும். பரப்பளவு நான்கில் ஒன்றாகிவிடும், மக்கள் பார்ப்பதும் அதைத்தான். கட்டி வரைந்தே ஆக வேண்டும் என்றால் சதுரத் துண்டுகளாக உடைத்து எண்ணிக்கையாகக் காட்டுங்கள்: ஒரு துண்டு பத்துப் பேர். அப்புறம், பை சார்ட் பக்கமே போகாதீர்கள். உங்கள் சர்வேயில் ஒருவர் பல டிக் அடிக்கலாம். கூட்டினால் 100-ஐத் தாண்டும். வட்டத்தை வெட்டிக் கொடுக்க முடியாது.

நான் போடச் சொல்வது புள்ளிப் படம். 1984-ல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்துப் பார்த்து எழுதினார்கள். ஒரே அளவுகோலின் மீது ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் கண் மிகக் குறைந்த பிழையோடு படிக்கிறது. நீளம், கோணம், பரப்பளவு, நிற அடர்த்தி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. எனவே இடது ஓரத்தில் எட்டு குணங்களை வரிசையாக எழுதுங்கள். மேலே ஆறு பிராண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பத்தி, அதாவது நெடுவரிசை. ஒவ்வொரு பத்தியின் நடுவிலும் ஒரு செங்குத்துக் கோடு, அது பூஜ்யம். புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், இடப்பக்கம் இருந்தால் குறைவு. பிராண்டு பெயருக்குக் கீழே "தெரிந்தவர்கள் 34 பேர்" என்கிற மாதிரி அடிப்படை எண். அவ்வளவுதான், கொஞ்சம் வறட்சியாகத் தெரியும். ஆனால் குணங்களை அகர வரிசையிலோ படிவத்தில் இருந்த வரிசையிலோ வைக்காமல், உங்கள் வாடிக்கையாளருக்குக் கூடுதலாக வந்தது மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கினால், அவருடைய பத்தியில் புள்ளிகள் வலது மேலிருந்து இடது கீழாக ஒரு சரிவாக இறங்கும். மற்றவர்களின் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். "நல்லாத் தெரியற மாதிரி" என்று அவர் கேட்டது இப்படியே கிடைத்துவிடும், எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல்.

எம்பிஏ படித்த யாராவது "பெர்செப்சுவல் மேப் போடலாமே" என்று சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் இனிமேல் சொல்வார்கள். மக்கள் மனதில் எந்தப் பிராண்டு எங்கே நிற்கிறது என்று காட்டும் படம் அது. அதில் இரண்டு வகை. ஒன்று, கிடைமட்டத்தில் விலை, செங்குத்தில் தரம் என்று இரண்டு கோடு போட்டு, பிராண்டுகளைத் தோன்றின இடத்தில் ஒட்டுவது. விளக்கவுரை ஸ்லைடுகளில் பார்க்கிற மேப்புகளில் நிறைய இந்த ரகம்தான், அதற்கு சர்வேயே தேவையில்லை. இரண்டாவது, உங்கள் அட்டவணையிலிருந்தே கணக்கிட்டு வரைவது. நான் மேலே சொன்ன கழித்தல் கணக்குக்குப் பெரியண்ணன் அது, ஆய்வாளர்களுக்கு நல்ல கருவி. ஆனால் விநியோகஸ்தர் முன்னால் வைத்தால் எல்லோரும் தப்பாகத்தான் படிப்பார்கள். ஒரு பிராண்டும் "சுவை" என்ற சொல்லும் பக்கத்தில் இருந்தால் அந்தப் பிராண்டுதான் சுவையில் முதல் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த மேப்பில் நெருக்கத்தை அப்படி அளக்கக் கூடாது, நடுப்புள்ளியிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். மேலும் நடுவில் இருக்கும் பிராண்டு "சுமார்" என்று பொருளில்லை. பெரிய பிராண்டுதான் பெரும்பாலும் நடுவில் வந்து உட்காரும், ஏனென்றால் சராசரியையே தீர்மானிப்பது அதுதான். இவ்வளவையும் விளக்கிக்கொண்டு நிற்பதற்கு அந்தப் படத்தைப் போடாமலே இருக்கலாம்.

வேர்ட் கிளவுட் வேண்டாம். ஆங்கிலத்தில்கூட அது ஓர் அலங்காரம்தான், தமிழில் இன்னும் மோசம். "இனிப்பு", "இனிப்பா இருக்கும்", "இனிப்பானது", "ரொம்ப இனிப்பு" என்று நான்கு பேர் எழுதினால் மென்பொருள் அவற்றை வேறு வேறு சொல்லாக எண்ணும். ஒரே கருத்து சிதறிப் போகும். "பால்" என்று முப்பது பேர் எழுதியது இரண்டு எழுத்தில் ஒடுங்கி நிற்கும், "விலையுயர்ந்தது" என்று பத்துப் பேர் எழுதியது பக்கம் முழுக்க நீளும். அந்த 200 பேரின் பதில்களையும் உட்கார்ந்து படியுங்கள், அரைநாள் வேலை. பத்துப் பன்னிரண்டு தலைப்பாகப் பிரித்து எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு பிராண்டுக்கும் அதிகம் வந்த இரண்டு தலைப்பையும், பதில் சொன்னவர் எழுதிய ஒரு வாசகத்தை அப்படியே மேற்கோளாகவும் போடுங்கள். முழுப் படத்திலும் மக்கள் நின்று படிக்கப்போவது அந்த வாசகங்களைத்தான், பாருங்கள்.

அந்தப் பதில்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "கேட்பரி" என்று படிவத்தில் போட்டிருக்கிறீர்கள். பதில் சொன்னவர் மனதில் இருந்தது பத்து ரூபாய் டெய்ரி மில்க்கா, சில்க்கா, ஃபைவ் ஸ்டாரா? எல்லாமே கேட்பரிதான். "அமுல்" என்றால் ஒருவருக்கு டார்க் சாக்லேட், இன்னொருவருக்கு வெண்ணெய். கிட்கேட்டோ நெஸ்லேயின் பல பொருள்களில் ஒன்று மட்டும், அதுவும் வேஃபர். ஒரு பக்கம் கம்பெனிப் பெயர், இன்னொரு பக்கம் பொருளின் பெயர் என்று கலந்து கேட்டிருப்பதால் விலை பற்றிய டிக்கை ஒப்பிடவே முடியாது. இனி படிவத்தை மாற்ற வழியில்லை. "விலை நியாயம்" என்ற வரியைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. ஏழு குணம் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். பிப்ரவரியில் எடுத்த சர்வே என்கிறீர்கள். காதலர் தினத்தை ஒட்டி இதயம் போட்ட பெட்டிகள் கடை நிறையக் குவிந்திருக்கும் மாதம் அது. பரிசு என்ற குணத்துக்கு அந்த மாதம் விழும் டிக்கும் ஜூன் மாதம் விழும் டிக்கும் ஒன்றாக இருக்காது. மனப்பதிவு அவ்வளவு சீக்கிரம் மாறக்கூடியது. 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் சில டெய்ரி மில்க் கட்டிகளில் புழு இருந்ததாகச் செய்தி வந்தது. அந்த வாரத்தில் எடுத்த சர்வேயும், அடுத்த ஆண்டு உறையை மாற்றி அமிதாப் பச்சனை வைத்து விளம்பரம் செய்த பிறகு எடுத்த சர்வேயும் ஒரே பொருளைப் பற்றியது போலவே இருந்திருக்காது. ஆகவே மாதம், ஆண்டு, ஊர், எங்கே நின்று கேட்டது, எத்தனை பேர் என்பதெல்லாம் படத்தின் அடியில் ஒரே வரியாக வரட்டும். தலைப்பில் "தமிழ்நாட்டு மக்கள்" என்று எழுதாதீர்கள். கோவையில் 200 பேர், அவ்வளவுதான்.

"நம்ம ஊர்த் தயாரிப்பு" என்ற குணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர் இதில்தான் மிக வலுவாக இருப்பார், இதைத்தான் பெரிதாக்கச் சொல்வார். மக்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று காட்டலாம். ஆனால் அது நினைப்பு, தகவல் அல்ல. மக்கள் வெளிநாட்டுப் பெயர் என்று ஒதுக்கும் கேட்பரிதான் 1965 முதல் கேரளத்தில் கொக்கோ சாகுபடியை வளர்க்க விவசாயிகளோடு வேலை செய்த கம்பெனி. இத்தாலியக் கம்பெனியான ஃபெரேரோவுக்கு மகாராஷ்டிரத்தில் பாராமதியில் தொழிற்சாலை இருக்கிறது. மறுபக்கம், மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1973-ல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவான கேம்ப்கோ, 1986 முதல் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலை நடத்துகிறது. அந்தப் பெயரைக் கோவையில் எத்தனை பேரிடம் கேட்டால் சாக்லேட் என்று சொல்வார்கள்? உங்கள் படிவத்திலேயே அது இல்லை. ஆக, "நம்ம ஊர்" என்பதைக் கொக்கோ எங்கே விளைந்தது என்பதோடு கலந்து ஒரு வரைபடமோ தென்னந்தோப்புப் படமோ பின்னணியில் வைத்தால், பார்க்கிறவர் "மற்றதெல்லாம் வெளிநாட்டுக் கொக்கோ" என்று எடுத்துக்கொள்வார். பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ வளர்வது உண்மைதான், அழகான காட்சியும்கூட. அதை வேறு பக்கத்தில், வேறு போஸ்டில் போடுங்கள். சர்வே முடிவு மேல் போடாதீர்கள்.

"பால் சுவை" என்று ஏதாவது ஒரு குணம் அந்த எட்டில் இருக்கிறதா? இருந்தால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். பெயரிலேயே பால் இருக்கும் ஒரு பொருளைக் காட்டிப் பால் சுவை இருக்கிறதா என்று கேட்டால், பதில் நாக்கிலிருந்து வருகிறதா, உறையிலிருந்து வருகிறதா?

நிறத்துக்கு வருவோம். ஆறு பிராண்டுக்கும் அவரவர் நிறம் கொடுக்கத்தான் டிசைனர் மனம் போகும். ஊதா, சிவப்பு, தங்கம். போட்டுப் பாருங்கள், கிட்கேட்டும் அமுலும் இரண்டுமே சிவப்பில் வந்து நிற்கும். படம் கடை அலமாரி மாதிரி ஆகிவிடும், கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறும். ஐந்து பிராண்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் வைத்து, உங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு நிறம் கொடுங்கள். அந்த நிறம் ஊதாவாக இருக்க வேண்டாம். இந்தச் சந்தையில் ஊதா என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பான்டோன் நிற அட்டவணையில் 2685 சி என்ற அந்த ஒரு ஊதாவுக்காகக் கேட்பரியும் நெஸ்லேயும் பிரிட்டன் நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் மோதியிருக்கிறார்கள். பழுப்பு நிறத்தை அடர்த்தி கூட்டிக் குறைத்து எண்ணிக்கையைக் காட்டலாம் என்று தோன்றும், சாக்லேட்டுக்குப் பொருத்தம்தானே என்று. அதுவும் குழப்பும். அடர் பழுப்பைப் பார்த்ததும் "இது டார்க் சாக்லேட் பற்றியது போல" என்று மக்கள் படித்துவிடுவார்கள்.

லோகோ, உறைப் படம் இரண்டையும் தவிருங்கள். பெயரைச் சாதாரண எழுத்துருவில் எழுதினால் போதும். காரணம் அழகியல் மட்டும் இல்லை. இந்தப் படம் விநியோகஸ்தரிடமும் இன்ஸ்டாகிராமிலும் போகிறது, அதாவது அது விளம்பரம். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தில் பிரிவு 29(8) விளம்பரத்தைப் பற்றியே பேசுகிறது. இன்னொருவர் சின்னத்தை நேர்மையான வணிக நடைமுறைக்கு மாறாக நியாயமற்ற லாபம் அடையும் விதத்திலோ, அதன் தனித்தன்மைக்கோ நற்பெயருக்கோ கேடு வரும் விதத்திலோ பயன்படுத்தினால் அது மீறல். நேர்மையான ஒப்பீட்டுக்குப் பிரிவு 30 இடம் கொடுக்கிறது. எது நேர்மை என்று கேள்வி வந்தால் உங்கள் சர்வே எப்படி எடுக்கப்பட்டது, எண்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ-யின் விதிகளிலும் ஒப்பீட்டு விளம்பரத்துக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. என் அனுபவத்தில், வெளியே போகும் படத்தில் மற்ற ஐந்து பெயர்களையும் எடுத்துவிட்டு வாடிக்கையாளரின் பத்தியை மட்டும் போடுவதே நிம்மதி. ஆறு பெயரும் உள்ள முழுப் படம் விநியோகஸ்தர் கூட்டத்தோடு இருக்கட்டும். அதையும் அச்சடிக்கும் முன் வாடிக்கையாளரின் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். அது அவர் செலவு, உங்கள் செலவு இல்லை. மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் தூக்கலா" என்பார். பார் சார்ட்டாக மாற்றி அளவுகோலை 50-லிருந்து தொடங்கச் சொல்வார், அல்லது தோற்ற மூன்று குணத்தை எடுத்துவிடச் சொல்வார். பார் என்றால் பூஜ்யத்திலிருந்துதான், அதில் பேச்சே இல்லை. குணங்களை எடுப்பதற்கு நான் மேலே சொன்ன விலை மாதிரி கேள்வியிலேயே கோளாறு இருந்தால் மட்டும் சம்மதியுங்கள், காரணத்தையும் அடியில் எழுதுங்கள். அவரிடம் வாதாடுவதைவிட, விநியோகஸ்தர் என்ன கேட்பார் என்று கேட்டுப் பாருங்கள். "உங்க பெயர் யாருக்கும் தெரியாதே" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். 34 பேர் என்பதை மறைத்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதையே முன்னால் வைத்து, "தெரிந்தவர்கள் இதைப் பரிசுக்கு எடுக்கிறார்கள், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கவுண்டர் பக்கம் இடம் கொடுங்கள்" என்று பேசினால் பேச்சு நகரும். உங்கள் எண்கள் வேறு குணத்தைக் காட்டினால் பேச்சும் அதற்கேற்ப மாற வேண்டும்.

கடைசியாக, ஒரே கோப்பை இரண்டு இடத்துக்கும் அனுப்பாதீர்கள். ஏழு குணம், ஆறு பிராண்டு என்றால் 42 புள்ளிகள், அது ஏ4 தாளில் நிம்மதியாக உட்காரும். போனில் உட்காராது. இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 பிக்சல் அளவில் மூன்று படம் போதும்: ஒன்றில் அந்த 34 வட்டம், ஒன்றில் வாடிக்கையாளரின் பத்தி மட்டும், ஒன்றில் மக்கள் எழுதிய இரண்டு வாசகம். தமிழ் லேபிள்களைச் செங்குத்தாகத் திருப்பி வைக்காதீர்கள், "குழந்தைகளுக்குப் பிடித்தது" என்பதைக் கழுத்தைச் சாய்த்து யாரும் படிக்க மாட்டார்கள். அதனால்தான் குணங்களை இடது ஓரத்தில் வைக்கச் சொன்னேன். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றில் எதுவும் சின்ன அளவில் தெளிவாக இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை ஆன் செய்துவிட்டு, கொ, கோ, கௌ வரும் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கொம்பு இடம் மாறி நிற்கும் போஸ்டர்களை ஊர் முழுக்கப் பார்க்கிறோமே. "கொக்கோ" என்ற ஒரு சொல்லை அடித்துப் பார்த்தாலே போதும், உடைகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முடித்ததும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். விநியோகஸ்தர் தன் ஆட்களுக்குக் கொடுக்கப்போவது அந்தப் பிரதியைத்தான். வாடிக்கையாளரின் புள்ளி அதில் மற்ற சாம்பல் புள்ளிகளோடு கலந்து போனால், நிறத்தோடு சேர்த்து அளவையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கணக்கு அட்டவணை தயாரானதும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். படம் வேண்டாம், எக்செலை அனுப்புங்கள்.